புதுப்பிப்பு: மகனுக்கு ஐவிஐஜி, மூன்றாவது தடவை முடிந்தது

மூன்று மாதத்துக்கு முன் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பதறிப்போய் எழுதியிருந்தேன். பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி குறைந்த ஆறு வயது மகனுக்கு ஐவிஐஜி (ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் ஆன்டிபாடி மருந்து) ஏற்றலாமா என்று.

ஏற்றியாச்சு. நேற்று ஈப்போ மருத்துவமனையில் மூன்றாவது தடவை. 20 கிலோ பையனுக்கு 10 கிராம். தாதி போத்தலைக் குலுக்கவே இல்லை, உள்ளங்கையில் வைத்து மெல்ல உருட்டினார். குலுக்கினால் நுரைத்துவிடுமாம். முதல் தடவை சொட்டு வேகமாகப் போனதில் தலைவலி, குளிர், ஒரே அழுகை. இப்போது மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள்.

இது ரத்தமா என்று நிறையப் பேர் கேட்டீர்கள். இல்லை. ஆயிரம் பேருக்கு மேல் தானம் கொடுத்த பிளாஸ்மாவை (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ஒன்றாகச் சேர்த்து, அதிலிருந்து பிரித்தெடுத்த ஐஜிஜி என்ற ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்கும் புரதம். ஏறக்குறைய மூன்று வாரத்தில் உடம்பில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால்தான் 4 வாரத்துக்கு ஒரு தடவை. நோயைக் குணமாக்காது, இல்லாததை ஈடுகட்டும், அவ்வளவுதான்.

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய எங்கள் பாட்டி கேட்டுவிட்டு, “ஆயிரம் மரத்துப் பாலை ஒரே தொட்டியில ஊத்துற மாதிரியா?” என்றார். டாக்டர்கூட எனக்கு இப்படிச் சொல்லவில்லை!

இந்த மாதம் காதில் சீழ் இல்லை. ஊசிக்கு ரத்தக்குழாய் கிடைக்காமல் இரண்டு முறை குத்தியதில்தான் பையனுக்கு இன்னும் கோபம்.