75 வருடத்தில் 15 ஆயிரம் கிலோமீட்டர், இது வளர்ச்சியா?

கரிவண்டி:
1951இல் இந்திய ரயில்வேயின் வழித்தட நீளம் சுமார் 53,600 கி.மீ. இன்றைக்கு 69 ஆயிரம் பக்கம். கழித்துப் பாருங்கள், வருடத்துக்கு 200 சொச்சம்தான் வருகிறது. சீனாவில் 1949இல் 22 ஆயிரம் கி.மீ.தான் இருந்தது, நம்மில் பாதிகூட இல்லை, இப்போது 1.6 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். நாம் என்னடாவென்றால் ஒவ்வொரு புது ரயிலுக்கும் கொடியசைத்துக் கை தட்டிக்கொண்டு இருக்கிறோம்.

லூப்லைன்:
அளவுகோலே தப்பு. விழுப்புரம் தாண்டி ஒற்றைப் பாதையாக இருந்த காலத்தில், எதிர் வண்டிக்காக ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனில் அரைமணி நேரம் கிடந்ததை மறந்துவிட்டீர்களா? திண்டுக்கல் வரை இரட்டைப் பாதை போட்ட பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் உங்கள் கணக்கில் அதற்குப் பூஜ்யம், ஏனென்றால் பக்கத்தில் இன்னொரு தண்டவாளம் போட்டால் வழித்தட நீளம் ஒரு அடிகூட ஏறாது. மீட்டர் கேஜை, அதாவது ஒரு மீட்டர் அகலப் பழைய பாதையை, அகலப்பாதை ஆக்கினாலும் ஏறாது. 1951இல் 24 ஆயிரம் கி.மீ. அளவுக்கு மீட்டர் கேஜ் இருந்தது, 1992க்குப் பிறகு அதில் பெரும்பகுதியை மாற்றியே முடித்துவிட்டார்கள். சரக்குக்கென்றே தனியாகப் போட்ட கிழக்கு, மேற்குப் பாதைகள் இரண்டும் சேர்ந்து 2,800 கி.மீ.க்கு மேல், அவை வேறு நிறுவனத்தின் பேரில் இருக்கின்றன. மின்மயம் வேறு. இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு எண்ணைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

போடிமெட்டு:
அகலப்பாதை என்று பெருமையாகச் சொல்கிறீர்களே அண்ணே, எங்கள் மதுரை–போடி பாதை மொத்தமே 90 கி.மீ. 2010 கடைசியோடு வண்டியை நிறுத்தினார்கள். தேனி வரை திரும்ப வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன். நடுவில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ரயிலையே பார்க்காமல் பள்ளிக்கூடம் முடித்துவிட்டார்கள். வந்த பிறகும் சென்னை வண்டி வாரம் மூன்று நாள் என்றுதான் ஆரம்பித்தது.

லூப்லைன்:
தாமதத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. செங்கோட்டை–புனலூரும் அப்படித்தான், 2010இல் மூடி 2018இல்தான் முழுதாகத் திறந்தார்கள். ஆனால் அங்கே மலையும் குகையும் இருக்கிறது.

கரிவண்டி:
போடியில் என்ன மலை? பணம் ஒதுக்காததுதான் மலை. ஒரு வருடம் கொஞ்சம் கொடுப்பது, அடுத்த வருடம் பேருக்கு எழுதி வைப்பது. திண்டிவனம்–திருவண்ணாமலைப் புதுப் பாதை எத்தனை வருடமாகக் காகிதத்தில் கிடக்கிறது? பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் கூட்டம் போகிற ஊருக்குச் சென்னையிலிருந்து நேர்வழி கிடையாது, விழுப்புரமோ காட்பாடியோ சுற்றித்தான் போக வேண்டும். நான் கேட்பது புது ஊருக்குத் தண்டவாளம். நீங்கள் சொல்வதெல்லாம் இருக்கிற ஊருக்கு இன்னொரு தண்டவாளம்.

லூப்லைன்:
அந்தப் பாதைக்கு நிலம் வாங்கிக் கொடுக்க வேண்டியதில் மாநிலத்துக்கும் பங்கு உண்டு, டெல்லியை மட்டும் திட்டினால் எப்படி? சீனாவில் நிலம் எடுப்பதும் இங்கே எடுப்பதும் ஒன்றா? புதுப் பாதையே போடவில்லை என்பதும் சரியில்லை. கொங்கண் ரயில்வே 1998இல் முழுதாக ஓட ஆரம்பித்தது, 740 கி.மீ. அளவு. காஷ்மீருக்குச் செனாப் ஆற்றின் மேல் 359 மீட்டர் உயரத்தில் பாலம் கட்டி 2025 ஜூனில் வண்டி விட்டார்கள்.

கரிவண்டி:
பாலத்தைப் படம் எடுத்துப் போடலாம், அதற்கு மறுப்பில்லை. கொங்கணைச் சொன்னீர்களே, அதைக் கட்டத் தனி நிறுவனம் வைத்துப் பங்குப் பணம் திரட்டி, பத்து வருடத்துக்குள் முடித்தார்கள். அதே மாதிரி இன்னும் நாலு செய்திருக்கலாமே என்றுதான் கேட்கிறேன். இரட்டைப் பாதை வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, அதை வழித்தடக் கணக்கில் சேர்க்காததால் நீங்கள் கோபப்படுவதும் நியாயம்தான்.

போடிமெட்டு:
2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தைக் கவனித்தீர்களா? கீழே தூணெல்லாம் இரண்டு தண்டவாளத்துக்குக் கட்டியிருக்கிறார்கள், மேலே ஓடுவது ஒன்று. இதை யார் கணக்கில் எழுதுவது?

லூப்லைன்:
என் கணக்கில் எழுதுங்கள் தம்பி, ஆனால் பாதிதான்.