நீல மாத்திரையும் அப்புச்சியின் கடையும்

பெருந்துறைப் பக்கமிருந்து ஓர் அறிவியல் ஆசிரியை

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் வாரம் ஒருமுறை மதிய உணவுக்குப் பின் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த அந்த நீல மாத்திரையை யார் யார் விழுங்கினார்கள் என்று பதிவேட்டில் குறிக்க வேண்டும். முதல் ஆண்டில் என் பதிவேட்டில் ஒரு குறையும் இருந்ததில்லை. பின்புறச் சுற்றுச்சுவரை ஒட்டிய மண்ணில் மழைக்குப் பின் நீலம் கரைந்து கிடப்பதைத் தூய்மைப் பணி செய்யும் அக்கா ஒருநாள் கூட்டிப் போய்க் காட்டியபோதுதான், என் பதிவேட்டின் அத்தனை குறிகளும் வெறும் குறிகள்தான், மாத்திரை வயிற்றுக்குள் போகவில்லை என்று எனக்கு விளங்கியது.

முதலில் திட்டினேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. திட்டியதற்குப் பலன், மாத்திரைகள் சுவருக்கு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் விழுந்ததுதான். பிறகு ஒன்பதாம் வகுப்புப் பெண்களோடு உட்கார்ந்து, பெயர் குறிக்காமல் காரணம் மட்டும் கேட்டேன். வயிற்றைப் புரட்டுகிறது என்றார்கள் சிலர். காலை முதல் பேருந்துக்கு ஓடிவரும் பிள்ளைகள் ஒரு டம்ளர் தேநீரோடு வந்து, மதியமும் பாதித் தட்டோடு எழுந்துவிடுவது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. மலம் கறுப்பாகப் போனதைக் கண்டு பயந்து நிறுத்தியவர்கள் சிலர். கடைசியில் ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ஏனுங் டீச்சர், இதத் தின்னா பின்னாடி கொழந்த நிக்காதுன்னு அம்மாயி சொல்றாங்களே, நெசமுங்களா?"

இத்தனைக்கும் இரத்தசோகை பற்றி மருத்துவக் குழு வந்து படம் போட்டு விளக்கியிருந்தது. இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கும், அதே வயது ஆண்களில் 31.1 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்வதைப் பிள்ளைகள் தேர்வுக்கு எழுதும் அளவுக்கு மனப்பாடமாகவே சொன்னார்கள். உடலில் சேராத இரும்புதான் மலத்தைக் கறுப்பாக்குகிறது, அதனால் கேடில்லை என்ற ஒரு வரியை மட்டும் நாங்கள் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த வாரம் அவர்களோடு தரையில் அமர்ந்து சாப்பிட்டு, எனக்கும் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். சாப்பாட்டை ஒட்டித் தேநீர் குடித்தால் இரும்பு சரியாகச் சேராது என்பதையும், ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொண்டால் நன்றாகச் சேரும் என்பதையும் சொன்னேன். இரும்பு இரத்தத்துக்குத்தான் போகிறது, கர்ப்பப்பையில் அதற்கு வேலையில்லை, கர்ப்பமான அக்காமார்களுக்கே இரும்பு மாத்திரையைத் தினந்தோறும் கொடுக்கிறார்கள் என்றபோது அம்மாயியின் பேத்தி நிமிர்ந்து பார்த்தாள். பதிவேட்டையும் அவர்களிடமே கொடுத்துவிட்டேன்; விழுங்காதவர்கள் 'இல்லை' என்று எழுதலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள் என்பது ஏற்பாடு. அந்த வாரம் பதினொரு 'இல்லை' வந்தது. தலைமையாசிரியருக்கு அந்தத் தாள் பிடிக்கவில்லை. என் பணிக்காலத்தில் நான் நம்பிய முதல் பதிவேடு அதுதான். அரையாண்டுத் தேர்வு வருவதற்குள் 'இல்லை' மூன்றாகக் குறைந்தது. சுவருக்குப் பின்னால் நீலமும் இல்லை.

காங்கேயம் அருகிலிருந்து ஓர் உடற்கல்வி ஆசிரியர்

அம்மையார் மாத்திரை பற்றி எழுதியதைப் படித்ததும் எங்கள் பையன்களின் புகையிலைச் சங்கதி நினைவுக்கு வந்தது. அவர்கள் பீடி சிகரெட்டைத் தொடுவதில்லை. உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்ளும் சிறு பொட்டலந்தான், வாசனை வராது என்பதால் வகுப்பிலேயே நடந்துகொண்டிருந்தது. புற்றுநோய்ப் படங்களைக் காட்டிப் பார்த்தோம், சிரித்தார்கள். பாக்கும் புகையிலையும் மென்றால் வாய்த்தசை இறுகிப்போகும், மூன்று விரலை நிறுத்தி வாய்க்குள் விட முடிகிறதா பாருங்கள் என்று ஒரு பல் மருத்துவர் சொன்னபோது மட்டும் வகுப்பு முழுக்க விரலை வாயில் விட்டுப் பார்த்தது. இரண்டு பேர் பேசாமல் கையைக் கீழே இறக்கினார்கள்.

கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது, 18 வயது நிரம்பாதவருக்கு எங்குமே விற்கக்கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். கஜம் என்றால் எவ்வளவு என்று ஒருவனுக்கும் தெரியவில்லை. நீளம் தாண்டுதலுக்கு வைத்திருந்த அளவு நாடாவைக் கொடுத்து, 91 மீட்டர் 44 சென்டிமீட்டர் அளந்து வாருங்கள் என்று எட்டுப் பேரை அனுப்பினேன். பள்ளி வாசலிலிருந்து அந்தப் பெட்டிக்கடை 58 மீட்டரில் முடிந்துவிட்டது. நாடாவின் முனையைப் பிடித்திருந்த பையனின் முகம் சுண்டிப்போயிற்று. கடை அவனுடைய அப்புச்சியுடையது, அதாவது அம்மாவின் அப்பாவுடையது என்பது எனக்குத் தெரியாது.

புகார் எழுதலாமா என்று மற்றவர்கள் கேட்டார்கள். அவன் ஒரு வாரம் தவணை கேட்டான். வீட்டில் என்ன பேசினான் என்று அவன் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. பொட்டலச் சரங்கள் தொங்கிய கயிற்றில் இப்போது கடலை மிட்டாய்ப் பொட்டலங்கள் தொங்குகின்றன. ஆனால் பேருந்து நிறுத்தத்துக்கு அப்பால் வேறொரு கடை இருக்கிறது, அது 100 கஜத்தையும் தாண்டி நிற்கிறது, பையன்களுக்குக் கால் இருக்கிறது. அந்த இரண்டு பேரில் ஒருவன் விட்டுவிட்டான் என்று நினைக்கிறேன். மற்றவனைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது.

திருச்செங்கோட்டிலிருந்து ஒரு தகப்பன்

நான் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை செய்பவன். ஆண்டில் பாதி நாள் வெளிமாநிலத்தில்தான். என் மகன் படிக்கும் பள்ளியில் மாதவிடாய் பற்றிய வகுப்பின்போது பையன்களை மைதானத்துக்கு அனுப்பாமல் உடன் வைத்தே நடத்தினார்கள் என்று கேள்விப்பட்டு, தொலைபேசியில் அந்த ஆசிரியையிடம் கோபமாகப் பேசியவர்களில் நானும் ஒருவன். பெண் பெரியவளானால் தெரட்டிச் சீருக்கு ஊரையே கூட்டிப் பந்தல் போடும் நாங்கள், அதே விஷயத்தைப் பையன் காதில் போடக்கூடாது என்று வாதாடினோம்.

போன தை மாதம் மாமியாருக்கு உடம்பு முடியாமல் மனைவி ஈரோட்டில் மருத்துவமனையில் தங்கியிருந்தாள். வீட்டில் மகளும் அவளுக்கு இளையவனும் மட்டுந்தான். புதுயுகம் திட்டத்தில் பள்ளியில் கொடுத்த நாப்கின் தீர்ந்துவிட்டதென்று அவள் தம்பியிடமே சொல்லியிருக்கிறாள். அவன் கடைக்குப் போய்க் கேட்டு வாங்கியதைக் கடைக்காரர்தான் பின்பு என்னிடம் சொன்னார். வழக்கம்போலச் செய்தித்தாளில் சுற்றித் தர எடுத்தாராம். "காயிதமெல்லாம் வேண்டாமுங்க, அக்காளுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, அப்படியே கையில் பிடித்துக்கொண்டு தெருவழியே நடந்து போனானாம்.