கலைச்சொல் விவாதம்: குலைப்பானா, திரிப்பியா?

குழுவினருக்கு வணக்கம்.

உடலின் ஹார்மோன்களில் தலையிடும் வேதிப்பொருளை ஆங்கிலத்தில் 'எண்டோகிரைன் டிஸ்ரப்டர்' என்கிறார்கள். அதற்குப் போன வாரம் ஏறத்தாழ முடிவான 'நாளமில்லாச் சுரப்பிக் குலைப்பான்' என்ற சொல்லை மறுபடி கிளறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கான துண்டறிக்கையில் அதைப் போட்டு, வியாசர்பாடியில் ஒரு ஓ.பி. வரிசையில் உட்கார்ந்து நானே வாசித்துக் காட்டினேன். ஐந்து மாதக்காரப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அப்போ உள்ள இருக்கிற சுரப்பி உடைஞ்சிடுமாக்கா?" பக்கத்திலிருந்த மாமியார், "நாய்தான் குலைக்கும், சென்ட்டு பாட்டிலுமா குலைக்கும்?" என்றார். வரிசையே சிரித்தது. நானும்தான்.

மாமியார் சொன்னது கிண்டல். மருமகள் கேட்டதில்தான் சிக்கல். இந்த வேதிப்பொருள்கள் சுரப்பியை உடைப்பதில்லை, அது அனுப்பும் செய்தியில் கைவைக்கின்றன. அதுவும் ஒரே வழியில் அல்ல. டிஇஎஸ் என்பது 1938இல் இங்கிலாந்தில் சார்லஸ் டாட்ஸ் குழு உருவாக்கிய செயற்கை ஈஸ்ட்ரோஜன், அதாவது பெண் ஹார்மோன். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்தார்கள். 1971இல்தான் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கூடாது என்றது. மகள்களுக்கு வந்த அரிய புற்றுநோயால் விஷயம் வெளியே வந்தது. மகன்கள் பலருக்கு விந்தகத்தை ஒட்டிய குழலில் நீர்க்கட்டி, சிலருக்கு விந்தகமே கீழே இறங்கவில்லை. இங்கே நடந்தது, யாரும் அனுப்பாத செய்தி போய்ச் சேர்ந்தது. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி சிதைந்து உண்டாகும் டிடிஇ வேறு ரகம். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் வந்து உட்கார வேண்டிய இடத்தில், அதாவது செல்லின் ஏற்பியில், அது உட்கார்ந்துகொள்கிறது என்று 1995இல் காட்டினார்கள். செய்தி வந்தும் வாசலில் நிற்கிறது. பிளாஸ்டிக்கிலும் சென்ட்டிலும் சேர்க்கும் தாலேட்டுகள் இன்னும் கீழே போகின்றன: எலிக்கருவின் விந்தகத்தில் டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தியையே குறைக்கின்றன.

ஹார்மோனுக்குத் தமிழில் இயக்குநீர். 'போலி இயக்குநீர்' என்றால் முதலாவது மட்டும் அடங்கும், 'தடுப்பான்' என்றால் இரண்டாவது மட்டும். 'சுரப்புக் கலைப்பி' என்று ஒருவர் சொன்னதைக் கர்ப்பிணி கையில் கொடுக்கும் தாளில் போடவே முடியாது. 'கலைப்பு' என்றதும் அவள் எதை நினைப்பாள்?

யோசித்துக்கொண்டிருந்தபோது பள்ளி இலக்கணத்தில் படித்த, சொற்கள் சேரும் புணர்ச்சி விதி நினைவுக்கு வந்தது: தோன்றல், திரிதல், கெடுதல். இல்லாதது தோன்றுகிறது, இருப்பது மாறுகிறது, வர வேண்டியது கெடுகிறது. மூன்றுக்கும் பொதுப்பெயர் விகாரம். ஆனால் 'விகாரி' வேண்டாம். 2019இல் பிறந்த தமிழ் ஆண்டின் பெயர் அது என்பது ஒருபுறம். பேச்சில் விகாரம் என்றால் அவலட்சணம். குழந்தைக்குக் குறை இருக்குமோ என்று பயந்து உட்கார்ந்திருப்பவளிடம் அந்தச் சொல்லை நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

என் பரிந்துரை 'இயக்குநீர்த் திரிப்பி'. இலக்கணத்தில் திரிதல் மூன்றில் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். வழக்கில் அப்படி இல்லை. செய்தியைத் திரித்தார்கள் என்றால் சேர்த்ததும் வெட்டியதும் மாற்றியதும் எல்லாம் அதில் வந்துவிடும். துண்டறிக்கையில் 'ஹார்மோன் திரிப்பி' என்றே போடலாம். அந்த வரிசையில் ஹார்மோன் தெரியாதவர் யாருமில்லை. ஆங்கிலச் சொல்லே 1991இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் தியோ கோல்பர்ன் என்ற ஆய்வாளர் கூட்டிய கூட்டத்தில்தான் பிறந்தது. அவர்களும் உட்கார்ந்து பேசித்தான் வைத்தார்கள்.

— வியாசர்பாடியிலிருந்து

*

அம்மா, திரிப்பிக்கு என் வாக்கு. முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவன் என்ற உரிமையில் இரண்டு திருத்தம்.

துண்டறிக்கையில் சூடான சாம்பாரை மெல்லிய கவரில் கட்டி ரப்பர் பேண்ட் போட்டிருக்கும் படம், பக்கத்தில் 'தாலேட்'. அந்தக் கவர் பாலித்தீன். தாலேட்டைக் கலப்பது பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக்கை வளையச் செய்ய. வாசனை நிற்பதற்காக சென்ட்டிலும், சில நகப்பூச்சிலும் சேர்ப்பார்கள். கவரில் சாம்பார் வேண்டாம் என்று சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். காரணத்தை மாற்றிச் சொல்லாதீர்கள், அதுவும் திரிப்புதான்.

இரண்டாவது, 2005இல் அமெரிக்க ஆய்வாளர் ஷானா ஸ்வான் குழுவின் ஆய்வு. தாயின் சிறுநீரில் தாலேட்டின் சிதைபொருள் கூடியிருந்தபோது, ஆண் குழந்தையின் ஆசனவாய்க்கும் குறிக்கும் இடையிலான தூரம் குறைந்திருந்தது. அது ஒரு அளவு, நோய் அல்ல. 'ஆண்மை போய்விடும்' என்று வரைவில் இருக்கிற வரியை தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

— தாம்பரத்திலிருந்து

*

ஐயா, இரண்டையும் ஏற்றுக்கொண்டேன். அந்த வரி நான் எழுதியதல்ல, ஆனால் வாசித்தபோது நான் நிறுத்தவுமில்லை. படத்தில் கவருக்குப் பதில் சென்ட் பாட்டில் வரும்.

இன்னொரு சொல் பாக்கி. ஆண் கரு டெஸ்டோஸ்டிரோனைக் கேட்டு உறுப்புகளை ஆணாக அமைத்துக்கொள்ளும் குறுகிய காலம் ஒன்று உண்டு. எலியில் 2008இல் துல்லியமாகக் காட்டினார்கள். மனிதரில் கர்ப்பத்தின் ஏறத்தாழ 8 முதல் 14 வாரம் என்று கணிக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதை 'விண்டோ' என்பதால் வரைவில் 'ஆணாக்கச் சாளரம்' என்றிருக்கிறது. சன்னலுக்கு இங்கே என்ன வேலை? விதைக்க ஏற்ற காலத்துக்கு உழவர் சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறதே, 'பட்டம்'. ஆடிப்பட்டம் தவறினால் பிறகு எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் அந்த விளைச்சல் வராது. இதுவும் அப்படித்தான். 12ஆம் வாரத்தில் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்க வரும்போதே பாதிப் பட்டத்துக்கு மேல் போய்விடுகிறது. அதனால் இந்தத் தாள் ஓ.பி. வரிசைக்கு முன்பே, கல்யாணமான வீட்டுக்குப் போக வேண்டும்.

'ஆணுருப் பட்டம்' என்று போடலாமா? என் மகளிடம் கேட்டேன். "ஆம்பளைங்களுக்கு மட்டும் குடுக்கற டிகிரியாம்மா?" என்கிறாள். சென்னையில் பட்டம் என்றால் அதுதான் முதலில் தோன்றுகிறது. 'ஆணுருப் பருவம்' என்றால் வயசுக்கு வருவது என்று ஆகிவிடும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் யாராவது சொல்லுங்கள்.