பெட்டிக்குள் பொருள் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை

ஒரு அகழ்வைப்பகத்தில் (அகழாய்வுத் தளத்திலேயே உள்ள அருங்காட்சியகம்) கறுப்பு-சிவப்புப் பானை ஓடு ஒன்று. ‘கீறல் குறியுடன்’ என்கிறது அட்டை, குறியைத்தான் காணோம். விளக்கு உச்சியில், பெட்டிக்கு வெளியே. கண்ணாடியில் என் சட்டைதான் தெரிந்தது. அங்கிருந்த காவலர் செல்போன் டார்ச்சைப் பக்கக் கண்ணாடியில் ஒட்டி, ஓட்டின் முகத்தை உரசுகிற மாதிரி தாழ்த்திப் பிடித்தார். கீறலின் ஒரு கரை கறுத்தது, மறு கரை பளிச்சிட்டது. மீன்! பின்னால் நின்ற பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள்.

கல்வெட்டு படிப்பவர்களுக்கு இந்தப் பக்கவாட்டு ஒளி பழக்கமானதுதான். அதையே பெட்டிக்குள் சின்ன எல்இடியாக வைத்தால் என்ன? ‘வெளிச்சம் பட்டால் பொருள் கெடும்’ என்பார்கள். துணி, ஓலை, சாயம் என்றால் சரி, 50 லக்ஸோடு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) நிறுத்த வேண்டும். எலும்பு, தந்தத்துக்கும் கவனம் வேண்டும். கல்லும் சுட்ட மண்ணும் ஒளிக்கு அசராது. அவற்றை இருட்டில் வைப்பது பாதுகாப்பு இல்லை, சோம்பல்.

* * *

நான் அப்படியொரு அகழ்வைப்பகத்தில் வழிகாட்டி. டார்ச் எங்கள் பையிலும் உண்டு! இன்னொரு சிக்கல்: பார்வையாளர்கள் அகழாய்வுக் குழிகளைச் சுற்றிவிட்டு உச்சி வெயிலிலிருந்து நேரே உள்ளே வருகிறார்கள். வெயிலில் 1,00,000 லக்ஸ் வரை இருக்கும். கண் பழகச் சில நிமிடமாவது ஆகும். அதற்குள் முதல் பெட்டிகளைத் தாண்டிவிடுவார்கள். முக்கியமான பொருளெல்லாம் அங்கேதான் இருந்தது. இப்போது அந்த இடத்தில் மிதமான வெளிச்சத்தில் தளத்தின் வரைபடம் மட்டும்.

அட்டைகளையும் மாற்றினோம். முன்பு: ‘குழி ஏ2, அடுக்கு 4, உறைகிணற்று வளையம்.’ படித்துவிட்டு எல்லாரும் கேட்பது, ‘இது எங்க கிடைச்சுது?’ இப்போது: ‘ஜன்னல் வழியே பாருங்கள். இடப்பக்கக் குழியில், ஓர் ஆள் ஆழத்தில் கிடைத்தது. கிணற்று மண் சரியாமல் இருக்க வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினார்கள்.’ குழி எண்ணும் மண் அடுக்கு எண்ணும் கீழே சிறிய எழுத்தில். தேவைப்படுகிறவர்கள் தேடிப் படித்துக்கொள்வார்கள்.

* * *

அட்டை இருக்கும் இடத்தையும் பாருங்கள். நான் பார்க்கப் போன அகழ்வைப்பகத்தில் விளக்கு முதுகுக்குப் பின்னால். குனிந்தால் என் நிழலே எழுத்தை மறைத்தது. சக்கர நாற்காலியில் வந்த அம்மாவுக்கோ அட்டையின் மினுக்கம் மட்டும்தான் தெரிந்தது. வழிகாட்டி நண்பரே, உங்கள் புது அட்டைகளை எந்த உயரத்தில் வைத்தீர்கள்?