காட்டில் கரடியைப் படமெடுத்த அனுபவம் உண்டா? வந்து சொல்லுங்கள்

வவுனியாவிலிருந்து:

வில்பத்துவில கரடி பார்க்கவெண்டால் பாலைப்பழக் காலத்தில போங்கோ. ஜூன், ஜூலை. மற்ற மாதங்களில போறவைக்கு மான் கிடைக்கும், வில்லுக்கரையில (வில்லு எண்டால் காட்டுக்குள்ள இருக்கிற இயற்கைக் குளம்) முதலை கிடைக்கும், அதிர்ஷ்டமிருந்தால் சிறுத்தையும் கிடைக்கும். கரடி மட்டும் லேசில கிடையாது. பாலை பழுத்திட்டால் கதையே வேற. விரலில பால் ஒட்டுற அந்தச் சின்ன மஞ்சள் பழத்தை வன்னியில வளர்ந்த ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கரடிக்கு அதில அப்பிடியொரு பைத்தியம். மரத்தில ஏறியிருந்தும் தின்னும், கீழ கொட்டினதைப் பொறுக்கியும் தின்னும், பட்டப்பகலிலயும் நிண்டு தின்னும்.

நாங்கள் விடியவே ஹுனுவில்கம வாசலால உள்ள போயிட்டம். 1,317 சதுர கிலோமீற்றர் காடு, இலங்கையிலயே பெரிய தேசியப் பூங்கா. அதுக்குள்ள கரடியைக் கலைச்சுக்கொண்டு ஓடுறதில பிரயோசனமில்லை. எங்கட டிரைவர் நானா புத்தளத்து ஆள். அவர் கரடியைத் தேடவேயில்லை, மரத்தைத்தான் தேடினவர். பழம் நல்லாக் கொட்டிக்கிடந்த ஒரு பாலைக்குக் கொஞ்சம் தள்ளி ஜீப்பை நிப்பாட்டி, எஞ்சினையும் நிப்பாட்டினார். “பழம் இங்க கிடக்கு தம்பி, அது எங்க போகப்போகுது” எண்டார். பூங்காவுக்குள்ள ஜீப்பை விட்டு இறங்க ஏலாது, அதால இருந்த இடத்திலயே இருந்தம். சரியான புழுக்கம், கண்ணைச் சுத்தி ஈ.

சத்தம்தான் முதல் வந்தது. எங்கட கரடிக்கு (இங்கிலீசில ஸ்லோத் பெயார்) மேல்தாடையில நடுவில இரண்டு முன்பல் இல்லை. அந்த இடைவெளியால கறையானை உறிஞ்சி எடுக்கும், அந்தச் சத்தம் நூறு மீற்றருக்கு அங்காலயும் கேட்கும். ஒரு பெண்கரடி புற்றொண்டைக் கிண்டிப்போட்டு மரத்தடிக்கு வந்தது. முதுகில இரண்டு குட்டி, மயிரைப் பிடிச்சபடி. கரடிக்குட்டி மாதக்கணக்கில தாயின்ர முதுகிலதான் சவாரி. எனக்குத் தெரிய வேற கரடி இனம் எதுவும் இப்பிடிக் குட்டியைக் காவித் திரியிறதில்லை.

இனிக் கமராக் கதை. கறுப்பு மிருகம், மரநிழல், பின்னால வெயிலில வெள்ளை மணல். இதைவிட மோசமான சேர்மானம் கிடையாது. கரடி படச்சட்டம் முழுக்க நிறைஞ்சால் கமரா இருட்டெண்டு நினைச்சு மயிரைச் சாம்பல் நிறமாக்கிப்போடும், நெஞ்சில இருக்கிற வெள்ளை வளைவும் வெளிறிப்போகும். அப்ப எக்ஸ்போஷரை, அதாவது கமரா எடுக்கிற வெளிச்சத்தை, குறைக்கவேணும். அதே கரடி வெள்ளை மணலுக்கு முன்னால சின்னதா நிண்டால் வெறும் கறுப்புப் பொட்டுத்தான் மிஞ்சும். அப்ப கூட்டவேணும். ஃபோகஸைக் கண்ணில வைக்கலாமெண்டு மினைக்கெடாதேங்கோ, அந்த மயிர்க்காட்டுக்குள்ள கண் ஆப்பிடாது. வெளிறின மூஞ்சியில வையுங்கோ.

தலையைக் குனிஞ்சுகொண்டு தின்னுற படம்தான் நிறைய வந்தது. பின்னால வந்து நிண்ட ஜீப்பில ஆரோ ஒருத்தருக்கு அது காணாது போல. கதவில ‘டொக் டொக்’ எண்டு தட்டினார். தாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. அவ்வளவு பழமும் கிடக்க, திரும்பிப் பத்தைக்குள்ள போயிட்டுது. தட்டினவருக்கு அவர் கேட்ட படம் கிடைச்சிருக்கும். எங்கட நானா சிங்களத்தில என்னவோ சொன்னவர், அதை இங்க எழுத ஏலாது.

சியாட்டிலிலிருந்து:

கதவைத் தட்டுகிற அந்த ஆசாமி அலாஸ்காவிலும் இருப்பார், ஆனால் ரேஞ்சர் விடமாட்டார். கேட்மாய் தேசியப் பூங்காவுக்குள் சாலையே போவதில்லை. கிங் சால்மன் என்ற சின்ன ஊரிலிருந்து மிதவை விமானத்தில் ஏரியில் போய் இறங்க வேண்டும். இறங்கியதும் முதல் வேலை கரடிப் பாடம். கரடிக்கும் நமக்கும் 50 கெஜம் இடைவெளி, ஓடக்கூடாது, குறிப்பிட்ட இடம் தவிர எங்கும் சாப்பிடக்கூடாது. எங்களோடு வந்த நண்பர் புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதை முதலில் உணவு வைக்கும் அறையில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். பசியோடுதான் அருவிக்குப் போனார் மனிதர்.

புரூக்ஸ் அருவியில் ஜூலை மாதம் சாக்கை சால்மன் எதிர்நீச்சல் போட்டு ஏறும். பழுப்புக் கரடிகள் அருவியின் விளிம்பில் நின்று, துள்ளுகிற மீனை வாயில் பிடிக்கும். மரமேடையில் ஒரே நேரத்தில் 40 பேர்தான். கூட்டம் இருந்தால் ஒரு மணி நேரத்தில் இடத்தைக் காலி செய்துவிட்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். மீனைத் துரத்தி ஃபோகஸ் செய்ய முடியாது. எந்தக் கரடி அசையாமல் நிற்கிறதோ அதன் மூக்குக்கு முன்னால் ஃபோகஸைப் பூட்டிவிட்டு, ஷட்டர் வேகத்தை 1/2000 நொடிக்கு மேல் வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். வெள்ளை நுரை உங்கள் கேமராவின் ஒளி மீட்டரையும் ஏமாற்றும், வவுனியா நண்பர் சொன்ன மணல் கதையேதான்.

அங்கே எந்தக் கரடியும் நம்மை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. குளிர்கால உறக்கத்துக்கு முன் கொழுப்பு ஏற்றுகிற அவசரம் அதற்கு. இலையுதிர் காலத்தில் பெரிய ஆண்கரடி 450 கிலோவைத் தாண்டிவிடும். 2014 முதல் எந்தக் கரடி அதிகம் பெருத்தது என்று இணையத்தில் ஓட்டெடுப்பே நடத்துகிறார்கள். முதலில் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. லென்ஸைப் பார்த்து ஒரு முறைப்பாவது கிடைக்குமென்று நினைத்திருந்தேன். இப்போது அந்தத் தொகுப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஒரு கரடியின் ஈரமான பிடரி மட்டும் தெரிகிற படம்.

கோத்தகிரியிலிருந்து:

நீங்க எல்லாரும் கரடியத் தேடிப் போறீங்க, எங்க ஊர்ல அது தேயிலைக்குள்ள தானா வருது. ராத்திரி கோயிலுக்குள்ள பூந்து விளக்கெண்ணெயக் குடிச்சிட்டுப் போகும். காலைல பசங்க போனைத் தூக்கிட்டுப் பின்னாடியே ஓடுறாங்க, வீடியோ எடுக்க. அதைப் பார்த்தாத்தான் எனக்குப் பயம். அலாஸ்கா கதையப் படிச்சிட்டு யாரும் இங்க கிட்டப் போயிடாதீங்க. எங்க கரடி புலியோட ஒரே காட்டுல பொழைக்கிற மிருகம். திடீர்னு பத்தடில ஆளப் பார்த்தா ஓடாது, நேரா மூஞ்சிக்கு வரும். தேயிலைச் செடி இடுப்பு உயரம், உள்ள படுத்திருந்தா தெரியவே தெரியாது.

படம்தான் வேணும்னா கர்நாடகாவுல ஹம்பி பக்கத்துல தரோஜி போங்க. 1994ல கரடிக்குன்னே அறிவிச்ச சரணாலயம். சாயங்காலம் பாறை மேல இருந்து கரடிங்க எறங்கி வரும், நாம கண்காணிப்புக் கோபுரத்துல நின்னு பார்க்கலாம். பாறைல வெல்லப்பாகு தடவி வரவழைக்கிறாங்கன்னு சில பேருக்கு அது பிடிக்காது. எனக்கும் அரை மனசுதான். ஆனா போன வெச்சுக்கிட்டுத் தேயிலைக்குள்ள ஓடறதுக்கு அது எவ்வளவோ மேல்.

வவுனியாவிலிருந்து:

தரோஜிக்கு நான் ஒருக்கா வாறதா யோசிக்கிறன். அந்தக் கோபுரத்தில இருந்து பாறை எவ்வளவு தூரம்? என்னட்ட இருக்கிற 400 மி.மீ. லென்ஸ் காணுமோ, இல்லாட்டி 600 வாடகைக்கு எடுக்கவேணுமோ? வெல்லம் நக்குற மூஞ்சியையும் நான் எடுப்பன், எனக்கு அதில பிரச்சினையில்லை.