பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் சில மெயில்கள் மட்டும் வருவதில்லை, உதவி தேவை

மழைக்குருவி:
எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன் "உங்கள் பார்சல் நிற்கிறது, முகவரியைச் சரிபாருங்கள்" என்று ஒரு லிங்க் வந்தது. நானும் ஒரு பார்சலுக்குக் காத்திருந்த நேரம். யோசிக்காமல் ஜிமெயில் முகவரி, பாஸ்வேர்டு இரண்டையும் போட்டுவிட்டேன். அடுத்த திரை வெள்ளையாக நின்றதும்தான் உறைத்தது. ஒரு மணி நேரத்துக்குள் பாஸ்வேர்டை மாற்றினேன், சந்தேகத்தில் மறுநாளும் மாற்றினேன்.

இப்போது பிரச்சினை இதுதான்: எந்தத் தளத்தில் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" கொடுத்தாலும் மெயில் வருவதில்லை. ஸ்பேமிலும் இல்லை. மற்ற மெயில்கள் எல்லாம் ஒழுங்காக வருகின்றன. போனில் வைரஸ் இருக்குமோ?

கல்தூண்:
ஃபேக்டரி ரீசெட் போடுங்கள். வேறு வழியில்லை.

திண்ணை:
ரீசெட் வேண்டாம், பொறுங்கள். ஒரு வகை மெயில் மட்டும் வரவில்லை என்றால் போனைவிட உங்கள் கணக்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் உள்ளே நுழைந்தவன் ஃபில்டர் போட்டுவைத்திருப்பான், அதாவது குறிப்பிட்ட மெயில் வந்தால் தானாக இப்படிச் செய் என்று ஒரு விதி. பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் ஃபில்டர் அழியாது. போன் செயலியில் இது கண்ணில் படாது. கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாக ஜிமெயிலைத் திறந்து, அமைப்புகளில் ஃபில்டர் பகுதியையும், மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ஃபார்வர்டிங் பகுதியையும் பாருங்கள். குப்பைத்தொட்டியையும் பாருங்கள், அழித்த மெயில் 30 நாள் வரை அங்கே கிடக்கும்.

மழைக்குருவி:
கிடைத்துவிட்டது! ஒரே ஒரு ஃபில்டர். "பாஸ்வேர்டு", "ரீசெட்" என்ற சொற்கள் இருந்தால் முன்பின் தெரியாத ஒரு முகவரிக்கு அனுப்பிவிட்டு இங்கே அழித்துவிடு என்று இருக்கிறது. குப்பையில் 11 மெயில்கள். அதில் இரண்டு, நான் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஷாப்பிங் தளத்திலிருந்து வந்தவை. கை நடுங்கிவிட்டது. ஃபில்டரை அழித்துவிட்டேன். இத்துடன் முடிந்ததா?

திண்ணை:
இல்லை. ஃபார்வர்டிங் பகுதியில் அந்த முகவரி இன்னும் உட்கார்ந்திருக்கும், அதையும் நீக்குங்கள். அப்புறம் கணக்கைத் திரும்பப் பெற உதவும் மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். தெரியாத சாதனங்கள் இருந்தால் வெளியேற்றுங்கள். அடுத்து நேராக ஷாப்பிங் கணக்குக்குப் போங்கள்: புதுப் பாஸ்வேர்டு, எல்லா இடத்திலும் லாக் அவுட், சேமித்த கார்டை எடுத்துவிடுங்கள்.

கல்தூண்:
ஃபில்டர் சமாச்சாரம் எனக்கே புதிது. நான் சொன்ன ரீசெட்டை மறந்துவிடுங்கள். பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சோதனையும் வைக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு எஸ்எம்எஸ் போதுமா?

திண்ணை:
ஒன்றும் இல்லாததற்கு எஸ்எம்எஸ் மேல். ஆனால் திருடன் உங்கள் எண்ணை வேறு சிம்முக்கு மாற்றி வாங்கிவிட்டால் ஓடிபி அவனுக்குத்தான் போகும். போனிலேயே குறியீட்டை உருவாக்கித் தரும் ஆத்தென்டிகேட்டர் செயலியில் அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் 30 விநாடிக்கொரு முறை மாறும் அந்த எண்ணையும் போலிப் பக்கத்தில் நாமே தட்டிக் கொடுத்துவிட முடியும். பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கைரேகையாலோ திரைப் பூட்டாலோ நுழைய வைக்கும் பாஸ்கீ அப்படி ஏமாறாது, அது உண்மையான தள முகவரியில் மட்டும்தான் வேலை செய்யும். போன் கையில் இல்லாதபோது நுழைய உதவும் பேக்கப் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள், அதே மெயிலில் சேமிக்காதீர்கள்.

மழைக்குருவி:
பாஸ்கீ போட்டாயிற்று. ஷாப்பிங் கணக்கில் டெலிவரி முகவரியை மாற்றியிருந்தான், ஆர்டர் எதுவும் போகவில்லை. இன்னொன்று: "கணக்கை மீட்டுத் தருகிறேன், சிறு கட்டணம்தான்" என்று ஒருவர் தனிச்செய்தி அனுப்புகிறார். நம்பலாமா?

திண்ணை:
அவன் அடுத்த திருடன். பதிலே போடாமல் பிளாக் செய்யுங்கள்.