ஞாயிறு சின்னவனைப் பார்க்கப் போவது

(குழு: மண்டூர் வீட்டு ஆக்கள். சின்னவன் என் தம்பி. மாற்றுத்திறனுள்ள பிள்ளைகள் தங்கியிருக்கும் மட்டக்களப்பு விடுதியில் இருக்கிறான். சின்னம்மா அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்.)

பெரியம்மா: ஞாயிறு எல்லாரும் மட்டக்களப்புக்குப் போய்ச் சின்னவனைப் பார்ப்போம். வேன் பேசியாச்சு. அம்மம்மா, நான், மாமி வீட்டு ஆக்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள். காலையில் பாதைப் படகில் ஏறி வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்குவோம். வேன் அங்கே நிற்கும்.

பெரியம்மா: கச்சான்கடலை வறுத்தாச்சு. தொதலும் ஒரு சட்டி எருமைத் தயிரும் இருக்கு.

அம்மா: வாங்க அக்கா. அவன் போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்குதில்லை.

சின்னம்மா (விடுதி): பெரியக்கா, கோவிக்க வேண்டாம். இத்தனை பேர் ஒன்றாக வந்து நின்றால் அவன் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அக்காவும் மகளும் மட்டும் முதலில் உள்ளே வரட்டும்.

பெரியம்மா: ஏன், நாங்கள் அந்நிய ஆக்களா?

சின்னம்மா (விடுதி): அப்படிச் சொல்லுவேனா? ஞாயிறு அட்டையில் அக்கா படமும் மகள் படமும் ஒட்டிவிட்டேன். அவன் அதைத்தான் எதிர்பார்த்து இருப்பான்.

மாமா (கட்டார்): என்ன அட்டை?

சின்னம்மா (விடுதி): எழுதுகிறேன் தம்பி, இப்போதான் பிள்ளைகளைப் படுக்க வைத்தேன்.
அவன் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு பட்டி. அதில் படங்கள் வரிசையாக ஒட்டியிருக்கும்: எழும்புவது, பாய் சுற்றுவது, பல் தீட்டுவது, குளிப்பது, சட்டை, புட்டு. ஒன்று முடிந்ததும் அவனே அதைக் கழற்றிப் பெட்டியில் போடுவான். அடுத்து என்ன என்று கேட்டுக் கத்த வேண்டியதில்லை, அங்கேயே தெரிகிறது. புதன் பின்னேரம் மழை வந்து விளையாட்டு இல்லாமல் போனது. அந்தப் படத்தை மாற்றாமல் விட்டதால் அரை மணித்தியாலம் வாசலில் நின்று அழுதான். மழை அவனுக்குப் பிரச்சினை இல்லை, சொல்லாமல் மாற்றியதுதான்.

நான்: சின்னம்மா, விடுதியில் எல்லாருக்கும் இப்படி அட்டைதானா?

சின்னம்மா (விடுதி): இல்லை மகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு விதம். காது கேட்காத பிள்ளைகளை விளக்கைப் போட்டு அணைத்து எழுப்புவோம். வாசிக்கத் தெரியாதவர்களுக்குச் சட்டைக் கழுத்திலும் துவாயிலும் நிற நூல் தைத்திருக்கிறோம். சின்னவனுக்குப் பச்சை. வேறு யாராவது அவன் துவாயைத் தொட்டால் நூலைக் காட்டிப் பறித்துவிடுவான் 😄

அம்மா: சாப்பிடுகிறானா?

சின்னம்மா (விடுதி): சோறு தனி, பருப்பு தனி. கலந்தால் தொடமாட்டான். மீன் ஒரு சின்னத் துண்டு தட்டின் ஓரத்தில் வைக்கிறோம், தின் என்று சொல்வதில்லை. நேற்று எடுத்து மணந்துவிட்டு வைத்துவிட்டான். இவனுக்கு அதுவே பெரிய காரியம்.

பெரியம்மா: பசித்தால் திங்கும் மறுகா. நாங்கள் எல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம்.

சின்னம்மா (விடுதி): இவனுக்குப் பசியை விட வாயில் படுகிற பதம்தான் பெரிசு பெரியக்கா. அடம் இல்லை அது. அப்புறம், கச்சானை விடுதிக்குள் கொண்டுவர வேண்டாம். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு விழுங்குவது சிரமம். அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, மசித்த சாப்பாடுதான் கொடுக்கிறோம். பார்க்க வருகிற யாராவது பாசத்தில் ஒரு கச்சானை வாயில் போட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

மாமா (கட்டார்): ↪ அனுப்பப்பட்ட செய்தி: வலிப்பு வந்தால் உடனே இரும்புச் சாவியைக் கையில் கொடுக்கவும்! நாக்கைக் கடிக்காமல் வாயில் கரண்டி வைக்கவும்! எல்லாக் குழுவுக்கும் பகிரவும் 🙏

மாமா (கட்டார்): அங்கே வலிப்புள்ள பிள்ளைகளும் இருப்பார்கள்தானே, உதவும் என்று போட்டேன்.

சின்னம்மா (விடுதி): ஐயோ தம்பி, அதை அழித்துவிடு. சாவியால் ஒன்றும் நிற்காது. கரண்டி வைத்தால் பல் உடையும், மூச்சும் அடைபடும். பக்கத்தில் இருக்கிற கதிரை, மேசையை விலக்கு. தலைக்குக் கீழே மெதுவான எதையாவது வை. துடிப்பு அடங்கியதும் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவை. அழுத்திப் பிடிக்காதே. மணிக்கூட்டைப் பார். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால், இல்லை ஒன்று முடிந்து தெளியாமலே மறுபடி வந்தால், 1990 அம்புலன்சுக்கு அடி. பிள்ளைக்கு நல்லாக இருக்கிறதே என்று வீட்டில் மருந்தைத் திடீரென நிறுத்துகிற ஆக்களும் இருக்கிறார்கள். லீவு முடிந்து வந்ததும் நாங்கள்தான் ஓடுவது.

மாமா (கட்டார்): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாமா (கட்டார்): அழித்துவிட்டேன் சின்னக்கா 🙈

மாமா (கட்டார்): எனக்கு இன்னும் ஒரு ஆத்திரம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இவனை எடுக்க மாட்டோம் என்றார்களே, அது சட்டப்படி சரியா?

நான்: சரியில்லை மாமா. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தில், மாற்றுத்திறன் என்பதைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்க்காமல் விடக்கூடாது என்று இருக்கிறது. கம்பஸில் ஒரு விரிவுரையில் படித்தோம். ஆனால் அதைக் கொண்டுபோய் அதிபரிடம் நீட்ட அம்மாவுக்கு அன்றைக்குத் தெம்பு இருக்கவில்லை.

அம்மா: சேர்த்திருந்தாலும் கடைசி வாங்கில்தான் வைத்திருப்பார்கள்.

அம்மா: தங்கச்சி, தவணை லீவுக்கு வந்தால் நான்தான் ஊட்டுவேன். இப்பவே சொல்கிறேன்.

சின்னம்மா (விடுதி): அக்கா, அதைத்தான் நேரில் கதைக்க இருந்தேன். சரி, இங்கேயே சொல்கிறேன். அவன் இப்போது சட்டையின் கீழ்ப் பொத்தானைத் தானே போடுகிறான்.

அம்மா: அவன் கையாலேயா?

சின்னம்மா (விடுதி): ஓம். முதலில் நானே எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு வந்து, கடைசியை மட்டும் ஓட்டையில் பாதி நுழைத்துவிட்டு நிறுத்துவேன். அவன் மறுபக்கம் பிடித்து இழுக்க வேண்டும், அவ்வளவுதான். அது பழகியதும் நுழைப்பதும் அவன் வேலை. இப்போது கீழிருந்து இரண்டாவதில் நிற்கிறோம். கழுத்துப் பொத்தானில் தொடங்கினால் அவனுக்குக் கண்ணில் படாது, வெறுத்துவிடுவான். வேலையை முடிப்பது அவன் கையாக இருப்பதால் போட்டதும் நெஞ்சைத் தட்டிக் காட்டுகிறான். நீங்கள் லீவில் கால்மணித்தியாலம் மிச்சப்படுத்த முழுச்சட்டையும் போட்டுவிட்டால், திரும்பி வந்து கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். நான் மறுபடி முதலில் இருந்து.

அம்மா: காலை அவசரத்தில் எப்போதும் நான்தான் போட்டுவிடுவேன்.

பெரியம்மா: பாவம் பிள்ளை. ஒரு வாய் ஊட்டினால் என்ன குறைந்துவிடப் போகிறது?

நான்: ஒரு வாயோடு நிற்பீர்களா பெரியம்மா? அம்மம்மா ஒரு வாய், மாமி ஒரு வாய் என்று கோப்பை முடிந்துவிடும். லீவில் நான் வீட்டில்தான் நிற்பேன். குசினி வாசலில் கதிரை போட்டு உட்காரப்போகிறேன்.

பெரியம்மா: 😂 பெரிய மனுசி.

மாமா (கட்டார்): அவனுக்குப் படம் பார்க்க ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பவா?

சின்னம்மா (விடுதி): டேப்லெட் வேண்டாம். கயிறு கட்டாமல் ஒட்டுகிற பட்டி வைத்த சப்பாத்து ஒரு சோடி அனுப்பு. அதைத் தானாகவே போடுவான். பட்டி இரண்டு இருக்கட்டும், கறுப்பு நிறம்.

மாமா (கட்டார்): அளவு?

சின்னம்மா (விடுதி): காலைக் கடதாசியில் வைத்து வரைந்து நாளைக்குப் படம் எடுத்துப் போடுகிறேன். ஞாயிறு நீங்களும் படம் எடுக்கலாம், ஆனால் மற்றப் பிள்ளைகள் அதில் விழக்கூடாது. அவர்களின் தாய் தகப்பனிடம் யாரும் கேட்கவில்லை.

பெரியம்மா: சரி. வேனைப் பத்து மணிக்கு வெளியே நிறுத்துவோம். தங்கச்சியும் மகளும் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். அம்மம்மா மட்டும் கடைசியில் ஒருதடவை எட்டிப் பார்க்கலாம்தானே?

சின்னம்மா (விடுதி): அம்மம்மாவின் முகம் தெரிகிற படம் ஒன்று இன்றிரவே அனுப்புங்க. அட்டையில் சேர்த்துவிடுகிறேன்.

பெரியம்மா: என்னுடையதையும் சேர்த்து அனுப்பவா?

சின்னம்மா (விடுதி): அனுப்புங்க 😄 தயிரைச் சமையலறையில் கொடுங்க, எல்லாருக்கும் பங்கு வைப்போம். கச்சான் மண்டூரிலேயே இருக்கட்டும்.